ஓகே ஆன டேக் மட்டும்

செங்கொடிக்கு எளிதில் யாரையும் பிடிக்காது. பிடிக்காதவர்களிடம் சண்டை போடுகிற வழக்கமும் கிடையாது. மனதுக்குள் ஒரு பட்டப்பெயர் வைப்பாள், அதோடு அந்த ஆளின் கதை முடிந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. அப்பா சின்னப்பையன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், சங்கத்தில் கொடி பிடித்தவர், பெண் பிறந்ததும் அந்தக் கொடியையே பெயராக வைத்தவர். அம்மா பூவம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. மகள் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் விலாசத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்கள். சுளித்தவர்களுக்கெல்லாம் வரிசையாகப் பட்டப்பெயர் வைத்துவிட்டு, கடைசியில் ராயபுரத்தில் அமீருதீன் பாயின் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் பண்ண உட்கார்ந்தாள்.

ஆறு வருஷம். மாலை மாற்றும்போது ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை முகம் வருவது, தாலி கட்டும்போது வானத்திலிருந்து நட்சத்திரம் கொட்டுவது எல்லாம் அவள் கைவேலைதான். அதைக் கேட்டு வாங்கிப் போகிற ஜனங்கள்மீது அவளுக்கு இருந்த இளக்காரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கம்ப்யூட்டரின் நாடி நரம்பு பிடிபட்டது அந்த ரோஜாப்பூக்களுக்கு நடுவில்தான்.

2009-இல் வடபழனியில் கேமரா வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று, வெளிநாட்டிலிருந்து டிஜிட்டல் சினிமா கேமரா ஒன்றை இறக்கியது. அங்கே இருந்த அசிஸ்டென்ட்டுகள் எல்லாம் கறுப்புப் பைக்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஃபிலிம் மாட்டுகிற சூரர்கள். கம்ப்யூட்டரைக் கண்டால் மட்டும் பேயறைந்த மாதிரி நிற்பார்கள். பாய் ஒரு வார்த்தை சொல்ல, செங்கொடியைக் கூப்பிட்டார்கள். வேலையின் பெயர் டேட்டா. கேமராவிலிருந்து வருகிற கார்டை வாங்கி, உள்ளே இருப்பதை டிஸ்க்கில் இறக்கி, ஒழுங்காக இறங்கியதா என்று பார்த்து, கார்டில் இருப்பதை அழித்து, அதாவது துடைத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்டால் எடுபிடி வேலை மாதிரிதான் இருக்கும். படம் மொத்தமும் அந்த ஒருத்தி கை வழியாகப் போகிறது என்பது அங்கே அவளைத் தவிர யாருக்கும் உறைக்கவில்லை.

முதல் படமே எண்ணூரில். ‘வடசென்னையின் உண்மைக் கதை’ என்று பேப்பரில் பேட்டி கொடுத்துவிட்டு வந்து இறங்கினார்கள் மகானுபாவர்கள். எர்ணாவூர் குடியிருப்பில் இருந்த ஜனங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கோடம்பாக்கத்திலிருந்து கூட்டி வந்த துணை நடிகர்களுக்குக் கரியைப் பூசி நடுவில் நிறுத்தினார்கள். எண்ணூர்க்காரர்களிடம் எண்ணூர்க்களை பத்தவில்லையாம். டைரக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே மானிட்டரைப் பார்த்து, “கொஞ்சம் டல்லா இருக்கே” என்பார். அவருக்குச் செங்கொடி வைத்த பெயர் கூலிங் கிளாஸ். கேமராமேனுக்கு ஃபோர் கே. டிஸ்க் பெட்டியிலிருந்து பிஸ்கட் டப்பா வரை எல்லாவற்றுக்கும் சாவி போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளும் மேனேஜருக்குப் பூட்டு.

கேமராமேனுக்கு அந்தப் பெயர் வந்தது முதல் நாளிலேயே. அந்தக் கேமரா ராவாக எழுதும். அதாவது, பார்த்ததைச் சமைக்காமல் பச்சையாகவே எழுதி வைக்கும். நிறத்தையெல்லாம் பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சமைத்துக்கொள்ளலாம். ஆனால் இடத்தைத் தின்றுவிடும். பெரிய அளவான 4கே வைத்து எடுத்தால், ஒரு கார்டில் நாலு நிமிஷம்கூடத் தாங்காது. சின்ன அளவில் வைத்தால் பாதி இடம் மிச்சம். செங்கொடி முதல் நாள் காலையில் மரியாதையாகத்தான் போய்ச் சொன்னாள்.

“சார், ஹீரோ சீன், க்ளோசப் எல்லாம் 4கே வையுங்க. கூட்டம் ஓடுறது, கடல்ல போட்டு போறதுக்கெல்லாம் 3கே போதும். லென்ஸ் மட்டும் கொஞ்சம் அகலமா போட்டுக்கணும். எப்படியும் தியேட்டருக்குப் போறப்ப 2கே-வாதான் சார் போகப்போவுது. இடம் மிச்சமானா, எடுத்தது மொத்தத்தையும் ரெண்டு காப்பி வெச்சுக்கலாம்.”

கேமராமேன் அவளை மேலும் கீழும் பார்த்தார். “போஸ்டர்ல என்ன போடப்போறோம் தெரியுமா? முழுக்க முழுக்க ஃபோர் கே. கொஞ்சம் ஃபோர் கே, கொஞ்சம் த்ரீ கேன்னு போட முடியுமா?”

பக்கத்தில் இருந்த டைரக்டர், “பொண்ணு எந்த ஏரியா?” என்றார்.

“வியாசர்பாடி சார்.”

“அப்ப நல்லதாப் போச்சு. நாலு நல்ல ரவுடி இருந்தா சொல்லும்மா, ரெஃபரன்சுக்கு.”

இந்த அறிவாளிகளிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று தன் மேஜைக்குத் திரும்பினாள். ஆக, ஆடு மேய்ந்தாலும் 4கே, அண்டா உருண்டாலும் 4கே. வெயிலில் வானம் வெந்து வெள்ளையாகப் போனால், “ராதானே, பின்னாடி பாத்துக்கலாம்” என்பார் கேமராமேன். ராவாக எடுத்தால் நிறத்தை மாற்றலாம். வெந்துபோன வானத்தை எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. இதைச் சொன்னாலும் அந்த ஆளுக்கு ஏறாது.

ஐந்தாம் நாளே டிஸ்க் நிரம்பத் தொடங்கியது. கார்டில் இருந்த அத்தனை டேக்கையும் அவள் இறக்குவதைப் பார்த்த மேனேஜருக்கு வயிறு எரிந்தது.

“இன்னாம்மா இது, ஓகே ஆன டேக்கு, வேணாம்னு தள்ளுன என்ஜி டேக்கு எல்லாத்தையும் கொட்டிகினு கீறே? முப்பது வருஷமா ஃபிலிம் பாத்தவன் நான். லேபுல ஓகே டேக் மட்டும்தான் பிரின்ட் போடுவோம். என்ஜி எல்லாம் டப்பாவுலயே கெடக்கும்.”

“சார், டப்பாவுல கெடக்குதுன்னா நெகட்டிவ் இருக்குன்னு அர்த்தம். இங்க கார்டுதான் நெகட்டிவ். தொடச்சுட்டா ஒண்ணுமே இருக்காது.”

“கேமரா உள்ள இருக்கும்ல?”

“இருக்காது சார்.”

மேனேஜர் நம்பவில்லை. கேமராவையும் பார்த்தார், அவள் விரலிடுக்கில் இருந்த கார்டையும் பார்த்தார். “அம்மாம் பெரிய கேமரா எடுக்குறது இம்மாத்தூண்டு கார்டுலயா இருக்கும்? யார் காதுல பூ சுத்துற? நாளையிலேருந்து ஓகே டேக் மட்டும் எறக்கு. மீதியைத் தொடச்சுரு.”

வாயால் சொன்ன உத்தரவை நம்பக் கூடாது என்பது சின்னப்பையன் வீட்டில் பால்குடியிலேயே கற்றுக்கொள்கிற பாடம். செங்கொடி ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு தாள் போட்டாள். எடுத்த டேக்கெல்லாம் வரிசையாக எழுதி, ஓகே ஆனதைச் சுற்றி வட்டம் போட்டு, கீழே ‘மற்றவை அழிக்கலாம்’ என்று எழுதி நீட்டுவாள். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். போடும்போதெல்லாம் அவள் மனதுக்குள் சிரித்துக்கொள்வாள்.

இந்த இடத்தில்தான் ராமதாஸ் வருகிறார். எண்ணூருக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். ஐம்பது வயது, ஃபைபர் போட்டு ஒன்று சொந்தம். போட்டைத்தான் ஷூட்டிங்குக்கு எடுத்தார்கள். போட்டோடு அவரும் வந்தார். சாப்பாட்டு நேரத்தில் செங்கொடியின் மேஜைக்கு எதிரில் குந்திக்கொண்டு, டிஸ்க் விளக்கு மினுக் மினுக்கென்று எரிவதை வேடிக்கை பார்ப்பார். “இது இன்னாம்மா பண்ணுது?” என்று கேட்பார். சொன்னால் ஒரே தடவையில் புரிந்துகொள்வார். அந்த யூனிட்டில் பட்டப்பெயர் வாங்காத ஒரே ஆள் அவர்தான்.

ஒன்பதாம் நாள். ஹீரோ போலீஸ். கடத்தல் போட்டைப் பற்றி ஒரு மீனவனை விசாரித்து, பதில் பிடிக்காமல் அறைய வேண்டும். துணை நடிகர் வரவில்லை. டைரக்டர் சுற்றும்முற்றும் பார்த்து ராமதாசைக் கைகாட்டினார். வசனம் எழுதியது தஞ்சாவூர்ப் பக்கத்து அசிஸ்டென்ட் ஒருத்தர். நம் வடசென்னைப் பாஷையைக் காமெடி சீடியில் கேட்டுத் தெரிந்துகொண்ட மேதை. “அய்ய, இன்னா சாரு, பேஜாரு பண்றே, கலீஜா கீது சாரு” என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வார்த்தையைக் கொட்டி வைத்திருந்தார். ராமதாஸ் அதை நாலு தடவை சொல்லிப் பார்த்தார். முதல் டேக்கிலும் இரண்டாவதிலும் நாக்கு குழறியது.

மூன்றாவது டேக்கில், “போட்டு எங்கடா?” என்று ஹீரோ கர்ஜித்தார். ராமதாஸ் அவரைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். குரலை உயர்த்தவுமில்லை.

“போட்டு எங்கன்னு நீ இப்பத்தான் சார் கேக்குற. நான் மூணு நாளா இங்கயே நின்னு அதத்தான் கேட்டுகினு கீறேன். அதுல என் தம்பி கீறான் சார். நீ கண்டா நீ சொல்லு.”

ஹீரோவுக்கு அறைய வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. கை பாதி தூக்கினபடி நின்றது. பிறகு திரும்பி, “யோவ், இது பேப்பர்ல இல்லையே” என்றார். டைரக்டர் கட் சொன்னார். என்ஜி.

நாலாவது டேக்கில் பேப்பரில் இருந்ததையே சொல்ல வைத்தார்கள். ஹீரோ மறக்காமல் அறைந்தார், நிஜமாகவே. ராமதாஸ் தடுமாறி விழுந்தார், லுங்கி அவிழ்ந்தது. யூனிட் கைகொட்டிச் சிரித்தது. ஓகே.

கன்னத்தைத் தடவிக்கொண்டே அவர் செங்கொடியின் மேஜைக்கு வந்தார். “உங்க தம்பி கடல்ல போயிட்டாராண்ணா?” என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“எனக்குத் தம்பியே கெடயாதும்மா,” என்றார். “அந்தாளு கேட்டான், எனக்கு வந்துச்சு, சொன்னேன்.” அவர் முகத்தில் வெட்கமும் பெருமையும் கலந்து கிடந்தது. “எங்க வூட்ல பவுனம்மாள்னு ஒருத்தி கீறா. ஒனக்குப் பேசவே தெரியாதுன்னு முப்பது வருஷமா சொல்லிகினு கீறா. அவகிட்ட இதக் காட்டணும். நான் பேசுனது உள்ள கீதாம்மா?”

“கீதுண்ணா,” என்றாள். அப்போது அது பொய்யில்லை. கார்டு அவள் கையில்தான் இருந்தது.

கால் மணி நேரத்தில் மேனேஜர் தாளில் கையெழுத்துப் போட வந்தார். அன்று காலையில்தான் செங்கொடி டைரக்டரிடம் தன் ஆசையைச் சொல்லியிருந்தாள்: டைட்டில் கார்டில் தன் பெயர் வர வேண்டும். சினிமா சங்கத்து அட்டையும் சிபாரிசும் இல்லாத பெண்ணை அடுத்த படத்துக்குக் கூப்பிட வைக்கிற ஒரே சீட்டு அதுதான். “மேனேஜர் சொன்னா போட்டுரலாம்” என்று கூலிங் கிளாஸ் கை கழுவிவிட்டிருந்தார். மேனேஜர் இப்போது கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “சொன்னபடி செஞ்சுகினு இருந்தா பேரு தன்னால வரும்” என்றார்.

டிஸ்க்கில் அன்றைக்கு நாற்பது ஜிபி இடம் இருந்தது. மூன்றாவது டேக் நாலு ஜிபிகூட இல்லை. இறக்க ரெண்டு நிமிஷம். மேனேஜருக்கு டிஸ்க்கைத் திறந்து பார்க்கத் தெரியாது; தெரிந்திருந்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது. செங்கொடிக்கு இது அத்தனையும் தெரியும். அந்த மனிதர் பேசினதுதான் ஒன்பது நாளில் கேமராவுக்கு முன்னால் நடந்த ஒரே உருப்படியான காரியம் என்பதும் தெரியும். ஆனாலும் தலைக்குமேல் நின்றுகொண்டிருந்த பூட்டையும் அந்தத் தாளையும் பார்த்தாள். ‘இந்தக் கூட்டத்தில் எவன் இதைத் தேடப்போகிறான்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வட்டம் போட்ட டேக்கை மட்டும் இறக்கினாள். கார்டைத் துடைத்தாள்.

தேடினார்கள். நாலு மாதம் கழித்து எடிட்டிங்கிலிருந்து மலிகா என்கிற அசிஸ்டென்ட் போன் பண்ணினாள். சவுண்டை எடுக்கிறவர் வேறு மிஷினில் தனியாக எடுப்பார். அவர் எதையும் அழிக்கவில்லை. “மூணாவது டேக்கோட சத்தம் மட்டும் கெடைச்சுது,” என்றாள் மலிகா. “ரூமே உறைஞ்சு போச்சு. டைரக்டர் அழுதுட்டாரு, இதான் என் படம்ங்கிறாரு. பிக்சர் எங்க?”

டைரக்டர் அழுதாராம். அன்றைக்கு என்ஜி என்று சொன்ன வாய்தான் அது. ஹீரோ அடுத்த படத்துக்காகத் தலையை மொட்டை அடித்துவிட்டிருந்தார், திரும்ப எடுக்கவும் வழியில்லை. மறுநாள் கம்பெனி ஆபீசில் பஞ்சாயத்து. “படிச்ச பொண்ணுன்னு நம்பினோம், படத்தையே அழிச்சுட்டா” என்று குதித்தார் டைரக்டர். “அழிக்கச் சொல்லி நான் சொல்லவேயில்ல. பிரின்ட் போடாதேன்னுதான் சொன்னேன்” என்று சத்தியம் பண்ணினார் மேனேஜர். செங்கொடி பையிலிருந்து தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ‘மற்றவை அழிக்கலாம்’, ஒவ்வொன்றிலும் பூட்டின் கையெழுத்து. டைரக்டர் முதல் தடவையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் சாதாரண ஆள், தூக்கம் கெட்ட ஆள்.

விஷயம் வெளியே போனால் மானம் போகும் என்று அவர்களுக்குள் குசுகுசுத்தார்கள். டைட்டிலில் பெயர் போடுவதாக எழுதியே கொடுத்தார்கள். ராமதாஸ் விழுகிற டேக்கை வைத்து, கோடம்பாக்கத்துக் காமெடிக் குரல் ஒன்றை மேலே ஒட்டிச் சமாளித்தார்கள். அன்றைக்கு வீட்டில் பூவம்மா சோறு போடப் போட, பெரிய மனிதர்கள் முகத்தில் ஈயாடாத கதையை நடித்துக் காட்டினாள் செங்கொடி. சின்னப்பையன் வாய்விட்டுச் சிரித்தார். தப்பித்த சந்தோஷத்தில் அவளுக்கு அந்தச் சோறு நன்றாகவே இறங்கியது.

ரிலீசுக்கு முந்தின வாரம் ராமதாஸ் போன் பண்ணினார். “ஆளுங்க எல்லாம் கேட்டுகினே கீறாங்கம்மா. நான் பேசுறது வருதில்ல?”

“வரும்ண்ணா,” என்றாள். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

திருவொற்றியூரில் ஒரு தியேட்டர், காலைக்காட்சி. குப்பத்திலிருந்து இருபது பேரைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார் ராமதாஸ். பவுனம்மாள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ராமதாஸ் செங்கொடியைக் கையைப் பிடித்து இழுத்துத் தங்கள் வரிசையிலேயே உட்கார வைத்தார். டைட்டிலில் ‘டேட்டா – செங்கொடி’ என்று வந்தபோது அந்த இருபது பேரும் விசிலடித்தார்கள். அவளுக்காக வாழ்க்கையில் முதல் தடவை யாரோ விசிலடிக்கிறார்கள்.

அறை வந்தது. லுங்கி அவிழ்ந்தது. யாருடைய குரலோ கீச்சுக்கீச்சென்று பேசியது. தியேட்டர் மொத்தமும் சிரித்தது. பவுனம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ராமதாஸ் அசரவில்லை. “இது சும்மா. நான் பேசுறது இனிமேதான் வரும்” என்று வரிசை முழுக்கச் சொன்னார். இன்டர்வெல்லில் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார், தான் மட்டும் வெளியே போகவில்லை. போன நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது. படம் முடிந்து கடைசிப் பெயர் மேலே ஏறி, விளக்கு போட்டு, பெருக்குகிறவள் துடைப்பத்தோடு வந்த பிறகுதான் எழுந்தார்.

குப்பத்து ஆட்கள் முன்னால் போய்விட்டார்கள், அவர் முகத்தைப் பார்க்காமல். சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் அவரும் பவுனம்மாளும் செங்கொடியும்தான் நின்றார்கள்.

“கட் பண்ட்டாங்களாம்மா?” என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்தப் பழியைச் சுமக்கத்தான் மூன்று தடியன்கள் இருக்கிறார்களே. அவளால் முடியவில்லை.

“இல்லண்ணா. அன்னிக்கே நான்தான் அழிச்சேன்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு என்ன கஷ்டமோ என்றுதான் போனது அவர் புத்தி. “எடம் பத்தலியா?” என்றார். டிஸ்க் நிரம்புவதைப் பற்றி அவள் சொல்லிக்கொடுத்ததை ஞாபகம் வைத்திருந்தார்.

“இருந்துச்சுண்ணா.”

“அப்பறம் இன்னாத்துக்கு?”

“மேனேஜர் அழிக்கச் சொன்னாரு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு.” சொல்லி முடிப்பதற்குள் அந்த வார்த்தைகள் எவ்வளவு கேவலமாக இருக்கின்றன என்பது அவளுக்கே கேட்டது.

ராமதாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். யூனிட்டில் யாரையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை, அறைந்தவனைக்கூட.

“அவன் அடிச்சது சினிமாக்கு அடிச்சான்மா,” என்றார்.

“இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?” என்று பவுனம்மாள் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல, நட,” என்று சொல்லிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.